மனந்திரும்புதல், பலி, மன்னிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு நடத்துகிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சில வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்டவை. சில, மற்றவர்கள் கிளம்பிப் போகும்வரை கதவருகே காத்திருந்து கேட்கப்பட்டவை. இரண்டாவது வகைதான் எப்போதும் கனமானது. வசனங்களைப் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருக்கிறேன். கத்தோலிக்க வழக்கில் வேறு சொல் இருக்கும் இடங்களில் முடிந்தவரை அதையும் சேர்த்திருக்கிறேன்.

மனந்திரும்புதல் என்றால் செய்ததற்காக வருத்தப்படுவதுதானே?

வருத்தம் அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எபிரெயத்தில் இதற்கு வழங்கும் சொல் 'ஷூவ்'. போன வழியிலிருந்து திரும்பி வருவது என்று பொருள். காலால் நடந்து ஊர் திரும்புவதற்கும் அதே சொல்தான். கிரேக்கத்தில் 'மெட்டநோயா', அதாவது மனம் மாறுவது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் 'மனந்திரும்புதல்' என்று இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவிட்டார்கள். கத்தோலிக்கர் 'மனமாற்றம்' என்பார்கள்.

வருத்தமும் மனந்திரும்புதலும் ஒன்றல்ல என்பதற்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸே சாட்சி. மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் அவன் 'மனஸ்தாபப்பட்டு' வந்தான் என்று இருக்கிறது. நாம் மனந்திரும்புதலுக்கு அடையாளமாகச் சொல்லும் காரியங்களையெல்லாம் அவன் செய்தான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் யாரைக் காட்டிக்கொடுத்தானோ அவரிடம் போகவில்லை. ஆசாரியர்களிடம் போனான். அங்கே கிடைத்த பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.'

பாவம் செய்தவனுக்காகப் பலி செலுத்துவதையே தொழிலாகக் கொண்டவர்கள் சொன்ன வார்த்தை அது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யூதாஸைவிட அவர்கள்மேல்தான் கோபம் வருகிறது. அவன் காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய்த் தூக்கிட்டுக்கொண்டான். பவுல் பின்னால் கொரிந்தியருக்கு எழுதும்போது இரண்டு வகைத் துக்கத்தைப் பிரிக்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும் என்று. துக்கத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எனக்கு அழுகையே வரவில்லை. அப்படியானால் என் மனந்திரும்புதல் பொய்யா?

இல்லை. சிலருக்குக் கண்ணீர் சுலபமாக வரும், சிலருக்கு வராது. அது சுபாவம். யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் வந்து 'நாங்கள் என்னசெய்யவேண்டும்' என்று கேட்டபோது அவர் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்றார். வரி வசூலிக்கிறவர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, உன் சம்பளம் போதுமென்று இரு என்றார். எல்லாமே மறுநாள் காலையிலிருந்து செய்யக்கூடிய காரியங்கள்.

தேவன் அன்புள்ளவர் என்றால் சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே? பலி எதற்கு, சிலுவை எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குள் அடங்கும் என்றுகூடச் சொல்வேன்.

கல்லூரி நாட்களில் ஒரு நண்பனின் பைக்கை இரவல் வாங்கிப் போய்க் கீழே போட்டுவிட்டேன். முன்விளக்கு நொறுங்கிப்போனது. கண்ணாடித் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். எதற்குப் பொறுக்கினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'சரி, விடு' என்றான். எனக்கு அந்த இரண்டு வார்த்தையோடு விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் சாயங்காலமானால் அவசர அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தான். நாங்கள் கிண்டல்கூடச் செய்தோம். விளக்கு வாங்கக் காசு சேரும்வரை இருட்டில் வண்டி ஓட்ட முடியாது என்பதால்தான் அவன் கிளம்புகிறான் என்று ரொம்பத் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

உடைந்த விளக்கின் விலை காற்றில் கரைந்துவிடவில்லை. ஒன்று நான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவன் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. 'விடு' என்று அவன் சொன்னதற்கு, 'அதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் அர்த்தம்.

விளக்குக்கே இப்படியென்றால், போன நம்பிக்கைக்கும் கெட்டுப்போன பேருக்கும் சிதைந்த குடும்பத்துக்கும் என்ன சொல்ல? அங்கேயும் மன்னிக்கிறவர் பழிவாங்கும் உரிமையை விட்டுவிட்டு, நஷ்டத்தைத் தன் பக்கம் எழுதிக்கொள்கிறார். வலி அவரிடமே தங்கிவிடுகிறது. சும்மா மன்னிப்பது என்று உலகத்தில் ஒன்று இல்லை. மன்னிப்பைப் பெறுகிறவனுக்குத்தான் அது சும்மா கிடைக்கிறது.

கிறிஸ்தவ விசுவாசம் சிலுவையைப் பற்றிச் சொல்வதும் இதுதான். தேவன் யாரிடமோ விலையை வசூலித்துக்கொண்டு மன்னிக்கவில்லை. நஷ்டத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், மத்தேயு எழுதியிருக்கிறபடி, 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்றுதான் வருகிறது. அவர் பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். கொலோசெயர் நிருபம் 2ஆம் அதிகாரத்தில், நமக்கு விரோதமான 'கையெழுத்தை' சிலுவையில் ஆணியடித்ததாகப் பவுல் எழுதுகிறாரே, அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக் கொடுக்கும் சீட்டைக் குறிப்பது.

பழைய ஏற்பாட்டுப் பலி உண்மையில் எப்படி நடந்தது?

ஆசாரியர் எல்லாவற்றையும் செய்ய, ஜனங்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். லேவியராகமம் முதல் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கொண்டுவந்தவன் தன் கையை மிருகத்தின் தலைமேல் வைக்கிறான். அதன் சூடு உள்ளங்கையில் தெரியும், அது மூச்சு விடுவது தெரியும். பிறகு அவனே அதைக் கொல்கிறான். தோலுரிப்பதும் துண்டிப்பதும்கூட அவன்தான். ஆசாரியரின் வேலை இரத்தத்திலிருந்தும் பலிபீடத்திலிருந்தும் தொடங்குகிறது. வீட்டில் வளர்ந்த பழுதற்ற கடா. நோஞ்சானைத் தள்ளிவிட முடியாது. பாவத்தால் ஒரு உயிர் போகிறது என்பதை இதைவிட நேரடியாக ஒருவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

பலிகளில் ஐந்து வகை உண்டு: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. இவற்றில் சமாதானபலி ஒரு விருந்து. செலுத்தினவனே இறைச்சியில் பங்கு பெற்றுச் சாப்பிடுவான். ஆகவே பலி என்றாலே தண்டனை என்று நினைப்பது சரியல்ல.

வருஷத்துக்கு ஒருமுறை பாவநிவாரண நாள். லேவியராகமம் 16இல் அதற்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று பலியாகிறது. மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். தமிழில் இதற்குப் 'போக்காடு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்புச் சொற்களில் ஒன்று இது. முதல் ஆடு விலையைக் காட்டுகிறது. இரண்டாவது, பாவம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டதைக் காட்டுகிறது. ஒரே மன்னிப்பைச் சொல்ல இரண்டு ஆடுகள் தேவைப்பட்டன.

'இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது' என்று இருக்கிறதே. தேவனுக்கு இரத்தம் பிடிக்குமா?

எபிரெயர் 9:22. அந்த வசனத்தின் முன்பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'கொஞ்சங்குறைய எல்லாம்' இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்றுதான் அது தொடங்குகிறது. அந்தக் 'கொஞ்சங்குறைய'வுக்குக் காரணம் உண்டு. லேவியராகமம் 5இல், ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு புறாக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டுவந்தால் போதும். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனாலும் அது பாவநிவாரணபலி, அவனுக்கும் மன்னிப்பு உண்டு. ஏழை என்பதற்காக ஒருவனும் மன்னிப்புக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதில் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் அவ்வளவு கவனமாக இருக்கிறது.

இரத்தம் என்பது அங்கே உயிருக்கு மறுபெயர். 'மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது' என்று லேவியராகமம் 17:11 சொல்கிறது. அதே வசனம், பலிபீடத்தின்மேல் அதை உங்களுக்குக் கட்டளையிட்டேன் என்றும் சொல்கிறது. மனிதன் தேவனைச் சமாதானப்படுத்தத் தானாகக் கண்டுபிடித்த வழியாக அல்ல, தேவன் மனிதனுக்குக் கொடுத்த வழியாகத்தான் வேதம் பலியைப் பார்க்கிறது. நரபலியைப் பற்றியோ, எரேமியா 7:31இல் தேவன், அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார்.

ஆனால் தீர்க்கதரிசிகளே பலி வேண்டாம் என்றார்களே?

ஓசியா 6:6, ஆமோஸ் 5, ஏசாயா 1, மீகா 6. நான்கும் ஒரே குரல். அவர்கள் எதிர்த்தது பலியை லஞ்சமாக்கினவர்களை. ஏழையின் வயிற்றில் அடித்துவிட்டு, அந்தக் காசில் கொழுத்த ஆடு வாங்கிக்கொண்டு வந்தவர்களை. உபாகமம் 10:17 தேவனைப் பற்றி, 'பரிதானம் வாங்குகிறவரும் அல்ல' என்கிறது. பரிதானம் என்றால் லஞ்சம்தான்.

51ஆம் சங்கீதம் இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரு பெண்ணை அபகரித்து, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்ற தாவீது ராஜாவின் ஜெபமாக அது வழங்கிவருகிறது. அந்தக் குற்றத்துக்கென்று நியாயப்பிரமாணத்தில் ஒரு ஆடும் குறிக்கப்படவில்லை. அதனால்தான், 'தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான்' என்று வெறுங்கையோடு நிற்கிறார். மன்னிப்பு கிடைத்தது. உரியா திரும்பி வரவில்லை. தாவீதின் வீட்டைவிட்டுப் பட்டயமும் விலகவில்லை.

குற்றமற்ற மகனைத் தகப்பன் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

நியாயமே இல்லை. அப்படித்தான் நடந்தது என்றால் நானும் ஏற்க மாட்டேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பிரசங்க உவமைகள். ரயில் பாலத்தை இயக்குகிறவர், பயணிகளைக் காப்பாற்றத் தன் மகன் நசுங்கிச் சாகட்டும் என்று பாலத்தை இறக்குகிற கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையனுக்கு நடப்பது எதுவும் தெரியாது. அவன் சம்மதிக்கவில்லை. அது விபத்து, பலி அல்ல. தயவுசெய்து ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். குற்றவாளிக்கு அபராதம் விதித்துவிட்டு, அங்கியைக் கழற்றிவைத்து இறங்கி வந்து தானே அதைக் கட்டும் நீதிபதியின் கதை கொஞ்சம் பரவாயில்லை. அதில் விலை கொடுப்பவர் நீதிபதியேதான்.

யோவான் 10:18இல் இயேசு தம் ஜீவனைப் பற்றி, 'ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான். நானே அதைக் கொடுக்கிறேன்' என்கிறார். 2 கொரிந்தியர் 5:19 தேவன் 'கிறிஸ்துவுக்குள்' உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறது. கோபமான தகப்பன் ஒரு பக்கம், அடிவாங்கும் மகன் மறுபக்கம், நடுவே தப்பித்த நாம் என்று மூன்று தனித்தனி ஆட்களாகப் பிரித்தால் கதை கோரமாகிவிடும். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை நம்புகிற எந்தச் சபையும் அப்படிப் பிரிக்கக் கூடாது. இயேசு தேவன் இல்லையென்றால் சிலுவைக் கதை தர்மசங்கடமானது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

சிலுவைக்கு எல்லாச் சபைகளும் ஒரே விளக்கம்தான் சொல்கின்றனவா?

இல்லை. சபைகள் பொதுவாக அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணம் 'நமக்காக' சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று விளக்கவில்லை. ஆதிச் சபையில் 'மீட்கும்பொருள்', அதாவது பிடிபட்டவனை விடுவிக்கக் கொடுக்கும் விலை, என்ற படம் செல்வாக்கோடு இருந்தது. மாற்கு 10:45இல் இயேசுவே சொன்ன சொல் அது. யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டபோதுதான் சிக்கல். பிசாசுக்கு என்றார் 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன். கொள்ளைக்காரனுக்கு அவ்வளவு பெரிய கூலியா என்று 4ஆம் நூற்றாண்டில் நசியான்சுவின் கிரகோரி அதை மறுத்தார். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், தேவனுக்குரிய கனத்தை மனிதன் கொடுக்கத் தவறிய கடன் என்று விளக்கினார். அடுத்த தலைமுறையின் அபெலார்டு, அந்த அன்பைக் கண்டு நம் மனம் இளகுவதை முன்னே வைத்தார். 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள், கல்வின் குறிப்பாக, நீதிமன்றப் படத்தைத் தீட்டினார்கள். கீழைச் (ஆர்த்தடாக்ஸ்) சபைகளுக்கு மரணத்தின்மேல் கிடைத்த வெற்றிதான் முதன்மை.

ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் விலை கொடுப்பது ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள்.

முதலில் மனந்திரும்புதலா, முதலில் மன்னிப்பா?

வரி வசூலிக்கிறவர்களின் தலைவனான சகேயுவைப் பாருங்கள். தம்மைப் பார்க்க ஏறிய மரத்தின்மேல் அவன் இருக்கும்போதே, 'இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்கிறார் இயேசு. அவன் அதுவரை எதையும் விட்டுவிடவில்லை, ஒரு காசு திருப்பித் தரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்ற வாக்குறுதி வருகிறது. சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்ட குமாரன் கதையிலும் தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் மகன் வாய் திறக்கிறான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சில் கடைசி வரி, 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்பது. அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இதே கதையில் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இளையவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மீதி இருப்பதெல்லாம் மூத்தவனுக்கு வரவேண்டியது. தகப்பனே அப்படிச் சொல்கிறார். அப்படியானால் அடித்த கன்றும் போட்ட மோதிரமும் யார் பங்கிலிருந்து போயின? மூத்தவன் வெளியே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தம்பி திரும்பி வந்ததற்கான செலவு தன் தலையிலும் விழுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

மன்னிப்பு இலவசம் என்றால், நான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையே?

கொடுக்க வேண்டும். கடனைக் கடன்கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். கடன்காரன் தானே தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

லேவியராகமம் 6இல் பிறனை வஞ்சித்தவனுக்கான ஒழுங்கு வருகிறது. எடுத்ததை முழுசாகவும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் உடையவனிடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் ஆட்டுக்கடா. சகேயு 'நாலத்தனையாக', அதாவது நாலு மடங்காக, என்று தானே முன்வந்தான். திருடின ஆட்டுக்கு யாத்திராகமம் 22 விதித்த அளவு அது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதில் கறாராக இருக்கிறது. மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலான பாவத்துக்குப் பாவநிவாரண நாள் நிவாரணம் தரும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதற்கு, அந்த மனிதனைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை தராது என்கிறது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இதே வரிசையில்தான் வருகிறது.

'ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்' என்று சொல்லிக்கொண்டு, ஏமாற்றப்பட்டவரின் தெருப்பக்கமே போகாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் துரோகம் செய்த ஆள் இறந்துபோய்விட்டார். இப்போது என்ன செய்வது?

எண்ணாகமம் 5இல் இதற்கும் இடம் இருக்கிறது. நஷ்டத்தை ஐந்தில் ஒரு பங்கோடு அவருடைய உறவினரிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். எப்படியும் அந்தப் பணம் குற்றம் செய்தவன் கையில் தங்கக் கூடாது. பணமல்லாத துரோகமென்றால், குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்வது சில சமயம் சரியாக இருக்கும். சில சமயம் அது ஆறிய புண்ணைக் கீறுவது. உங்கள் மனபாரம் இறங்குவதற்காக அவர்கள்மேல் பாரம் ஏற்றாதீர்கள். முதிர்ந்த ஒருவரிடம் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

காணிக்கை, உபவாசம், நேர்ச்சை? இவற்றால் மன்னிப்பு கிடைக்குமா?

கிடைக்காது. இவை நன்றிக்கும் பழக்கத்துக்கும் உரியவை. 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 வாதங்களுக்குத் தூண்டுதல், பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிப் பலன்சீட்டுகள் பணத்துக்கு விற்கப்பட்டதுதான். அதில் முதல் வாதம் பணத்தைப் பற்றியதே அல்ல. மனந்திரும்புங்கள் என்று கிறிஸ்து சொன்னபோது, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று நினைத்தார் என்பதே அதன் சாரம்.

பாவத்தைக் குருவானவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கத்தோலிக்க, கீழைச் சபைகளில் அது அருளடையாளம், அதாவது தேவ அருளைத் தரும் திருச்சடங்கு. பாவசங்கீர்த்தனம் என்ற பழைய பெயர் இன்றும் புழக்கத்தில் உண்டு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், வருஷத்துக்கு ஒருமுறையாவது என்று விதித்தது. புராட்டஸ்டண்ட் சபைகளில் நேரே தேவனிடம் அறிக்கை செய்கிறார்கள், ஆராதனையில் பொது அறிக்கையும் உண்டு. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. எந்தச் சபையானாலும், இன்னொரு மனிதனின் காது கேட்கச் சொல்லும்போது நாக்கு எவ்வளவு கனக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் தெரியும்.

மன்னித்துவிட்டால் போலீசில் புகார் கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம். பல நேரங்களில் கொடுத்தே ஆக வேண்டும். மன்னிப்பு என்பது என் பழிவாங்கும் உரிமையை நான் விடுவது. இன்னொருவருக்கு ஆபத்து வரட்டும் என்று விடுவது அல்ல.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவர் மகன்களான 10 வயது பிலிப்பும், 6 வயது தீமோத்தேயும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக வழக்கு நிற்கவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கான ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. கொலைக்குப் பிறகும் கிளாடிஸ் சில வருடங்கள் அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பராமரித்தார். மன்னிப்பும் நீதியும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. ஒன்று மற்றதை வெளியேற்றவில்லை.

அடிக்கும் கணவனையோ சீண்டும் மேய்ப்பனையோ 'மன்னித்து ஏற்றுக்கொள்' என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குகிற ஆலோசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்புக்கு விலை உண்டு. அந்த விலையை இன்னொருவர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

அவர் மன்னிப்பே கேட்கவில்லை. நான் மன்னிக்க வேண்டுமா?

லூக்கா 17இல், கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று இருக்கிறது. சிலுவையிலோ, கேட்காதவர்களுக்காக, 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்ற ஜெபம். இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது: கசப்பை இறக்கிவைப்பது என் கையில் இருக்கிறது. உறவு திரும்ப ஒட்டுவது இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. அவர் தன் பக்கம் வராதவரை ஒப்புரவு நடக்காது, நடந்ததாக நடிக்கவும் வேண்டாம்.

மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க முடியவில்லையே?

உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் விலாவிலும் காயம் இருந்தது. தோமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். எத்தனை தடவை மன்னிப்பார்?

ஏழு தடவையா என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபதுதரம் என்று பதில் சொல்லிவிட்டு இயேசு ஒரு கதை சொல்கிறார். ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி என்று கணக்கு வருகிறது. ஒருநாள் லீவு எடுக்காமல் உழைத்தாலும் 1,64,000 வருஷத்துக்கு மேல் ஆகும். அவன் காலில் விழுந்து என்ன கேட்கிறான் தெரியுமா? மன்னிப்பு அல்ல, தவணை. பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான்! ராஜா கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததைக் கொடுத்தார். அன்று அரண்மனைக் கஜானாவில் பதினாயிரம் தாலந்து குறைந்தது.

வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி, அற்பத் தொகை அல்ல. நமக்குச் செய்யப்படும் தீங்குகளும் அற்பமல்ல. ஆனால் தனக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது என்ன என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. இன்னும் தவணை கட்டுகிறவனாகவே தன்னை நினைத்துக்கொண்டிருந்தான் போல.

அதே பாவத்தில் விழுகிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான்: ஒவ்வொரு முறையும் தவணை கேட்கிறீர்களா, மன்னிப்பு கேட்கிறீர்களா? 'இனிமேல் சத்தியமாகச் செய்ய மாட்டேன்' என்பது பெரும்பாலும் தவணைப் பேச்சு. அடிமைப் பழக்கமாக இருந்தால் ஜெபத்தோடு வைத்தியத்தையும் துணைக்கு ஆளையும் தேடுங்கள். அதுவும் திரும்புதலில் சேர்ந்ததுதான்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மாற்கு 3ஆம் அதிகாரத்தில் அந்த எச்சரிப்பு, இயேசு பிசாசுகளைத் துரத்தியதைப் பிசாசின் வேலை என்று சொன்ன வேதபாரகரை நோக்கியது. பயந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அந்த இடத்தில் நிற்கவில்லை.

விழுந்தவர் மனந்திரும்பினால் பழைய பொறுப்பைத் திரும்பக் கொடுக்கலாமா?

சபைக்கு இது பழைய தலைவலி. கி.பி. 250இல் பேரரசர் டேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரிக் குரு நொவேஷியன். சேர்க்கலாம், ஆனால் தவமுறையைக் கடந்து வரட்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். சபை சிப்ரியான் பக்கம் நின்றது. அந்த ஆயர்களும்கூட, விழுந்த ஆயரைச் சபைக்குள் சேர்த்தார்களே தவிர, ஆயர் பதவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மன்னிப்பு வேறு, பதவி வேறு. பலவீனரைச் சூறையாடினவருக்கு மந்தையைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை.

பேதுருவுக்குக் கொடுக்கப்பட்டதே என்று கேட்பார்கள். அது எப்படி நடந்தது என்று பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், குளிருக்குப் போட்ட கரிநெருப்பின் பக்கத்தில் நின்று, இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்தான். புதிய ஏற்பாட்டில் 'கரிநெருப்பு' என்பதற்கான அந்தக் கிரேக்கச் சொல் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: யோவான் 21, விடியற்காலைக் கடற்கரை. இயேசு கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்து, காத்துக்கொண்டிருக்கிறார். அந்த வாசனை பேதுருவுக்கு என்ன செய்திருக்கும்! முதலில் சாப்பாடு. யாரும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, 'யோனாவின் குமாரனாகிய சீமோனே, என்னை நேசிக்கிறாயா?' என்று ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. அந்தத் துக்கத்தைத் தவிர்த்திருக்கலாம். அவர் தவிர்க்கவில்லை, மூன்றாவது கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் ஆடுகளைக் கொடுத்தார்.